கிளெமுக்கு நான் போட்ட ஆறு

கிளெம் போய்விட்டார்.

இன்று காலை அவருடைய மகள் டயான் போன் பண்ணிச் சொன்னாள். நேற்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கதிரையில் சாய்ந்தவர், அப்படியே... தொண்ணூற்று மூன்று வயது. கடைசிவரை பகிடிக்கும் குறைவில்லை, சாப்பாட்டுக்கும் குறைவில்லை.

இங்கே பலருக்கு அவரைத் தெரியாது. எழுபதுகளின் நடுவில், மெல்பேர்ணின் ஸ்பிரிங்வேலில் ஒரு மோட்டார் உதிரிப்பாகத் தொழிற்சாலை. அங்கே நானும் அவரும் பக்கத்துப் பக்கத்து மேசை. நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இறங்கிய புதிது, இஞ்சினியர் சேர்டிபிகேட் சூட்கேசுக்குள் நித்திரை.

அவர் அமெரிக்கக் கறுப்பினத்தவர். மெல்பேர்ண் பெண்ணைக் கல்யாணம் கட்டி இங்கே வந்தவர். அந்தத் தொழிற்சாலையிலேயே வெயில் பட்டால் சிவக்காத ஆட்கள் நாங்கள் இரண்டு பேரும்தான் என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

ஒருநாள் சாப்பாட்டு நேரம். பாணும், தகரத்தில் அடைத்து வரும் ரின்மீனில் செய்த பிரட்டலும் கொண்டுபோயிருந்தேன். டப்பாவைத் திறந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“ஏழு வருசம் இதைத்தான் திண்டனான், சிவா. இனித் தொடமாட்டன்.”

அவர் பேசியது இங்கிலீஷ்தான். எனக்குள் அது எப்போதும் எங்கள் ஊர்த் தமிழாகவே கேட்கிறது, என்ன செய்ய...

அப்போதுதான் தெரிந்தது, இளவயதில் அவர் சம்பளத்துக்கு பேஸ்போல் ஆடியவர். பெரிய அணிகள் கறுப்பினத்தவரில் ஒன்றிரண்டு பேரை மட்டும் எடுக்கத் தொடங்கியிருந்த காலம். மற்றவர்களுக்கு முன்போலவே தனி அணிகள்.

ஊர் ஊராக பஸ். ஹோட்டலில் அறை தரமாட்டார்கள், பஸ்ஸிலேயே படுக்கை. சாப்பாட்டுக் கடைக்குள் விடமாட்டார்கள், ரின்மீனை உடைத்துச் சாப்பாடு. ஏழு வருசம்.

எத்தனை ஹோம் ரன் அடித்தீர்கள் என்று கேட்டேன். பந்தை வேலிக்கு வெளியே அடிப்பதுதான் ஹோம் ரன். அவர் ஒரு பெரிய நம்பர் சொன்னார்.

நான் கல்லூரி கிரிக்கெட் அணிக்கு ஸ்கோர் எழுதியவன். எழுதிக் கிடந்தால்தான் நம்புவேன். தேத்தண்ணிக் கடை வாங்கிலில் இருந்துகொண்டே வாயால் சதம் அடித்தவர்கள் எத்தனை பேரைப் பார்த்திருப்பேன்...

“எங்கையாவது எழுதிக் கிடக்கோ?” என்று கேட்டுவிட்டேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

“இல்லை. வெள்ளைக்காரற்ற பேப்பரில எங்கட ஆட்டம் வராது. எங்கட ஸ்கோர் புத்தகங்கள் எங்க போச்சுதெண்டு ஒருத்தருக்கும் தெரியாது.”

சொல்லிவிட்டு என் டப்பாவிலிருந்து ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டார். மென்றார். கண்ணில் தண்ணீர், உறைப்பு.

“இது வேற மீன்” என்றார். அடுத்த நாளிலிருந்து என் மனைவி ராணி இரண்டு பேருக்குக் கட்டித் தந்தாள்.

அந்தக் குளிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை. எங்கள் போர்மன் ஆடும் உள்ளூர் பேஸ்போல் குழுவுக்கு ஓர் ஆள் குறைவு. “நீ அமெரிக்கன்தானே, பேஸ்போல் தெரியுமோ?” என்று கிளெமிடம் கேட்டார்.

“கொஞ்சம்” என்றார் கிளெம், என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு.

ஸ்கோர் எழுதுபவருக்கும் காய்ச்சலாம். அதற்கு கிளெம் என்னை இழுத்துக்கொண்டு போனார். பேஸ்போல் விதி ஒன்றும் தெரியாது, கையில் இருந்தது கிரிக்கெட் ஸ்கோர் புத்தகம். ஓட்டம் என்றால் ஓட்டம்தானே என்று துணிந்து இருந்துவிட்டேன்.

நாற்பத்தைந்து வயது மனிதர். முதல் இரண்டு பந்துக்கும் மட்டை வெறும் காற்றில்தான். யாரோ சிரித்தார்கள்.

மூன்றாவது... வேலிக்கு மேலால், ரோட்டுக்கு மேலால், எதிர்வீட்டு எலுமிச்சை மரத்துக்குள். அவர் சொன்ன அந்தப் பெரிய நம்பரை நான் நம்பியது அந்த நிமிடத்தில்தான். எழும்பி நின்று கைதட்டினேன். பிறகு உட்கார்ந்து, அவர் பெயருக்கு நேரே அழகாக ஒரு 6 போட்டேன்.

கடைசியில் போர்மன் எண்ணிப் பார்த்து, ஒரு ஓட்டத்தால் தோற்றுவிட்டோம் என்றார். என் புத்தகத்தின்படி நாலு ஓட்டத்தால் வெற்றி. விடுவேனா? நடுவரையே கூப்பிட்டுக் காட்டினேன்.

அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பந்து எவ்வளவு தூரம் போனாலும், தனியாக ஓடி வந்தால் ஒன்றுதானாம்.

வெட்டுவதற்குப் பேனையை எடுத்தேன். கிளெம் கையைப் பிடித்துவிட்டார். “வெட்டாதேங்கோ. எனக்கு இதுவரை ஒருத்தரும் ஆறு தந்ததில்லை.”

தாளைக் கேட்டார், கிழித்துக் கொடுத்தேன். கீழே கையெழுத்தும் கேட்டார். ஸ்கோரர் கையெழுத்து வைத்தால்தான் தாள் செல்லும் என்று அவருக்குச் சொல்லி வைத்திருந்தவனே நான்தான்.

“பிழையான தாளில நான் கையெழுத்து வைக்கமாட்டன்” என்றேன். பெரிய நீதவான்!

அவர் கோபிக்கவில்லை. மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு எந்தக் கொண்டாட்டத்துக்குப் போனாலும், “இவர்தான் எனக்கு ஆறு தந்தவர்” என்றே என்னை அறிமுகப்படுத்துவார்.

இன்று காலை டயான் இன்னொன்றும் சொன்னாள். சில வருடங்களாக அமெரிக்காவில், கறுப்பினத்தவர் நடத்திய பழைய பேப்பர்களைத் தேடி அந்த ஆட்டக்காரர்களின் கணக்கைச் சேர்க்கிறார்களாம். அப்பாவின் பெயரில் கிடைத்த ஹோம் ரன்கள் அவர் சொன்னதில் கால்வாசிகூட இல்லையாம்.

“பரவாயில்லை, என்னட்ட ஒரு தாள் இருக்கு” என்றாராம் கிளெம்.

படுக்கைக்குப் பக்கத்து மேசை லாச்சியில், பிளாஸ்டிக் உறைக்குள் இருந்ததாம். “அதை அப்பாவோட பெட்டிக்குள்ள வைக்கப் போறம், அங்கிள். ஆனா கீழ, ஸ்கோரர் எண்ட இடம் இன்னும் வெறுமையாக் கிடக்கு.”

“பெட்டியை மூட முதல் வந்திடுறன்” என்றேன்.

வியாழக்கிழமை, ஸ்பிரிங்வேலில் அடக்கம். ராணி இப்போதே ரின்மீன் வாங்கக் கிளம்பிவிட்டாள்...

போயிட்டு வாங்கோ, கிளெம். நான் பேனையோட வாறன்.