வலது கால் மட்டும்

என் அம்மா நீளம் தாண்டுவாள். முதல்முறை கேட்கிறவர்கள் என் முகத்தை ஒரு நிமிடம் பார்ப்பார்கள். அப்புறம் அவள் வயதைக் கேட்பார்கள். எழுபதைத் தாண்டிவிட்டாள் என்றால், "அதத் தாண்டினதே பெரிசு" என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும். பக்கத்து வீட்டுக்காரர் கனடாவில் இருக்கும் மகனைப் பற்றி மணிக்கணக்கில் அளக்கும்போது நான் பொறுமையாகத் தலையாட்டவில்லையா? எனக்கும் ஒரு முறை வர வேண்டாமா?

நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷனில் வேலை பார்க்கிறேன். அம்மாவும் இந்த ஊர் கம்பெனிகளில்தான் உழைத்தாள். காலம் முழுக்கத் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்து, வலது காலால் பெடலை அழுத்தி, யார் யாரோ வெளிநாட்டுக்காரர்களுக்கு ஷூவின் மேல்பாகம் தைத்தவள். ரிட்டயர் ஆன கையோடு சுகர் வந்தது. டாக்டர் நடக்கச் சொன்னார். கூட நடக்க வந்த பெண்கள் வம்பு பேசப் பார்த்தார்கள். அம்மாவின் வேகத்தில் அவர்களுக்கு மூச்சு வாங்கியதே தவிர வம்பு வரவில்லை. ஒவ்வொருத்தராகக் கழன்றுகொண்டார்கள். பள்ளிக்கூட மைதானத்தில் பிள்ளைகள் மணல் குழியில் குதிப்பதை இவள் கொஞ்ச நாள் பார்த்தாள். ஒரு காலையில் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தானும் குதித்துவிட்டாள். தடுக்க ஆளில்லை, ஏனென்றால் அக்கா ஊரில் இல்லை.

அக்காவைக் கட்டிக் கொடுத்திருப்பது நாட்றம்பள்ளியில். அங்கிருந்தே எங்கள் வீட்டை நிர்வாகம் செய்கிறவள். கோபம் இல்லாதபோது "அம்மா" என்பாள். கோபம் வந்தால் எனக்குப் போன் போட்டு "உங்கம்மா" என்பாள். அம்மா குதிக்க ஆரம்பித்த நாளிலிருந்து அவள் எனக்கு மட்டும்தான் அம்மா.

"உங்கம்மா இன்னா பண்ணிக்கிட்டு இருக்காங்கன்னு தெரியுதாடா உனக்கு? விழுந்து இடுப்பு ஒடிஞ்சா யாரு பாக்கறது? நீயா, உன் பொண்டாட்டியா?"

"நல்லாத்தான்க்கா குதிக்கறாங்க."

"அதாண்டா எனக்கு பேஜாரா இருக்குது."

அவள் பயத்தில் நியாயம் இருந்தது. எங்கள் சொந்தக்காரப் பாட்டிமார்களில் பாதிப் பேர் பாத்ரூமில் வழுக்கி விழுந்து படுத்தவர்கள்தான். ஆனால் நியாயத்தை அம்மாவிடம் யார் சொல்வது?

போன வருடம் வேலூரில், சுற்றுப்பக்க மாவட்டங்களுக்கெல்லாம் சேர்த்து, வயதானவர்களுக்கான விளையாட்டுப் போட்டி வைத்தார்கள். அம்மாவின் வயதில் நீளம் தாண்ட வந்தவர்கள் நாலே பேர். முதல் மூன்று பேர் மாநிலப் போட்டிக்குப் போகலாம். அதாவது, ஒரே ஒருத்திதான் தோற்க வேண்டும். அந்த ஒருத்தி என் அம்மா.

காரணம் வெயில். அவளுடைய பெருவிரல் எலும்பு வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். கடை ஷூ எதுவும் காலில் ஏறாது. வெறுங்காலோடுதான் போனாள். ஓடி வருகிற பாதையில் போட்டிருந்த ரப்பர் தரை தோசைக்கல்லாய்க் காய்ந்திருந்தது. பாதி வழியிலேயே துள்ள ஆரம்பித்தவளுக்கு மணல் வந்தபோது குதிக்கத் தெம்பில்லை.

அக்கா சந்தர்ப்பத்தை விடவில்லை. "இன்னும் ஒரே ஒரு வருசம். அப்பவும் செலெக்ட் ஆவலன்னா குதிக்கறத வுட்ரணும். என் தலைமேல கை வெச்சு சத்தியம் பண்ணு" என்றாள். அம்மா யோசிக்காமல் கையை வைத்துவிட்டாள். அம்மா சத்தியம் மீறமாட்டாள் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

அந்த வருடம் முழுக்க அம்மா ஒரு நாள் விடாமல் பயிற்சி செய்தாள். ஞாயிற்றுக்கிழமை பிரியாணியில் சோற்றை என் பக்கம் தள்ளிவிட்டுக் கறியை மட்டும் பொறுக்கித் தின்றாள். கேட்டால், "புரோட்டீன்டா" என்றாள். ஆனால் கால்? எனக்கு ரோஷம் வந்தது. உலகத்துக்கே ஷூ அனுப்புகிற ஊர், அதில் பேக்கிங் செக்‌ஷனில் இத்தனை வருடம் குப்பை கொட்டுகிற நான், பெற்றவள் காலுக்கு ஒரு ஜோடி தேற்ற முடியாதா?

சாம்பிள் ரூமில் என் தோஸ்த் ஒருவன் இருக்கிறான். புது மாடலை முதன்முதலாகச் செய்து பார்க்கிற இடம் சாம்பிள் ரூம். அவன் கைக்கு வராத ஷூவே கிடையாது. விஷயத்தைச் சொன்னதும் வீட்டுக்கே வந்துவிட்டான். தரையில் பேப்பரை விரித்து அம்மாவின் வலது காலை வைத்துப் பென்சிலால் வரைந்துகொண்டான். எலும்பு தள்ளிய இடத்தை விரலால் தடவித் தடவி அளந்தான்.

"ஒரு கால் போதுமாப்பா?" என்றாள் அம்மா.

"போதும்மா. இன்னொண்ணு அதையே திருப்பிப் போட்டா வந்துடும்."

கால் வடிவ ஷூ அச்சில் எலும்பு தள்ளும் இடத்தில் தோல் துண்டை ஒட்டி மேடாக்கி, அதன்மேல் ஷூவை இழுத்துப் பூட்டினான் என்று பிறகு சொன்னான். போட்டிக்கு முந்தின சாயங்காலம் கம்பெனி கேட்டில் பெட்டியைக் கொடுத்தான். சுற்றிலும் டேப் ஒட்டியிருந்தது. வாங்கிப் பார்த்தேன்.

"இன்னாடா, இவ்ளோ லைட்டா இருக்குது!"

"பின்ன? குதிக்கறதுக்கு வெயிட்டாவா இருக்கும்?" என்றான் பெருமையாக.

நானும் பெருமையாக எடுத்துப் போனேன். அம்மா பிரித்துப் பார்க்கலாம் என்றாள். நான் விடவில்லை. டேப் ஒட்டிய பெட்டியைப் பிரிக்கக் கூடாது என்பது என் செக்‌ஷனில் முதல் பாடம். பெட்டி போய்ச் சேர வேண்டிய இடத்தில்தான் திறக்க வேண்டும். "நாளைக்கு கிரவுண்டுல பிரிக்கலாம்மா" என்றேன், பெரிய மனுஷன் மாதிரி.

மறுநாள் அக்காவும் வந்து சேர்ந்தாள். கையில் ஒரு பை. பையில் முட்டிக்கு உறை, தைலம், கட்டுத்துணி, தண்ணீர் பாட்டில். ஆம்புலன்ஸ் மட்டும்தான் பாக்கி. பஸ் ஏறி வேலூர் போனோம். மைதானத்து வேப்பமரத்தடியில் அம்மா கால் நீட்டி உட்கார, நான் டேப்பைக் கிழித்துப் பெட்டியைத் திறந்தேன்.

வெள்ளைப் பேப்பர். அதற்குள் அழகான ஒரு ஷூ. அதற்குக் கீழே இன்னும் கொஞ்சம் வெள்ளைப் பேப்பர்.

பேப்பரை உதறினேன். பெட்டியைக் கவிழ்த்தேன். தட்டினேன். அப்போதுதான் உறைத்தது. வெளிநாட்டு ஆளுக்கு மாடல் காட்ட ஒரு கால் போதும். சாம்பிள் ரூமில் என்றைக்குமே வலது கால் மட்டும்தான் செய்வார்கள். என் தோஸ்த் பழக்க தோஷத்தில் ஒரு காலைச் செய்து, பாலிஷ் போட்டு, பெட்டியில் வைத்து, நிம்மதியாகத் தூங்கப் போயிருக்கிறான். போன் செய்தேன். "அல்லா!" என்று ஒரு சத்தம் மட்டும் வந்தது.

அக்கா என்னைப் பார்த்த பார்வையை எழுத்தில் கொண்டுவர முடியாது. "நல்லதாப் போச்சு. உங்கம்மாவ கூட்டிக்கிட்டு வா, வீட்டுக்குப் போலாம்" என்றாள்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஒரு வருட உழைப்பு. தலைமேல் கை வைத்த சத்தியம் வேறு. அம்மாவோ ஷூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தையலை நகத்தால் நெருடினாள். "நல்லாத் தெச்சிருக்கான்" என்றாள். பிறகு, "எந்தக் காலுடா இது?"

"வலதும்மா."

"அப்புறம் இன்னா? பெடல மிதிச்ச காலு இதுதானே? நான் குதிக்கறதும் இதுலதான். இன்னொரு காலு சும்மா கூட வர்ற காலு."

மாட்டிக்கொண்டு எழுந்து நின்றாள். ஒரு காலில் ஷூ, ஒரு கால் வெறுங்கால். அதோடு விந்தி விந்தி நடந்து வரிசைக்குப் போனாள். நடுவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். "இப்படிக் குதிக்க முடியாதும்மா" என்றார். அப்போது பின்னாலிருந்து ஒரு குரல்: "ஏன் முடியாது சார்? ரெண்டு கால்ல போடலாம், போடாமலும் வுடலாம், ஒரு கால்ல மட்டும் போட்டாலும் செல்லும். ரூல்லயே இருக்குது." ராணிப்பேட்டையிலிருந்து வந்திருந்த ரிட்டயர்டு டிரில் டீச்சர். போன வருடம் முதலில் வந்தவர். நடுவர் யாருக்கோ போன் போட்டுக் கேட்டுவிட்டு, சரி என்று தலையாட்டினார்.

ஆளுக்கு மூன்று வாய்ப்பு. முதல் தடவை ஷூவின் நுனி, மிதித்து எழும்புகிற பலகையின் கோட்டைத் தாண்டிவிட்டது. வெறுங்காலுக்குப் பழகியவளுக்கு ஷூவின் நீளம் கணக்கில் வரவில்லை. செல்லாது. இரண்டாவது தடவை பயந்து முன்கூட்டியே குதித்து, கடைசி இடத்தில் நின்றாள். நான் வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டேன்.

மூன்றாவதுக்கு அவள் நின்றபோது, பின்னாலிருந்து அக்கா ஓடுவதைப் பார்த்தேன். தடுக்கப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். அக்கா பாட்டிலைத் திறந்து, அம்மாவின் இடது காலிலும் அது படப்போகிற தரையிலும் தண்ணீரை ஊற்றினாள். "சுடாம ஓடு" என்றாள்.

அம்மா ஓடினாள். ஷூக்கால் 'டப்' என்று விழ, ஈரக்கால் 'சப்' என்று விழ, அந்தத் தாளம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. பலகையில் வலது கால் மிதித்தது. காலமெல்லாம் பெடலை அழுத்திய மிதி அது. எழும்பினாள். மணலில் போய் விழுந்தவள் முன்பக்கமாகச் சரிந்து, குப்புறப் படுத்துவிட்டாள்.

"ஐயோ!" என்று அக்கா தைலத்தோடு குழிக்குள் பாய்ந்தாள். அம்மா நிமிர்ந்தாள். மூக்கு, புருவமெல்லாம் மணல்.

"இன்னாத்துக்குடி கத்தற? விழறதுக்குன்னுதானே மணல் கொட்டி வெச்சிருக்காங்க."

நாலு விரற்கடை வித்தியாசத்தில் மூன்றாவது இடம். டீச்சர் அம்மாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். எனக்கு வந்த பெருமையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஆளிடம், "எங்கம்மாங்க" என்று சொல்லிவிட்டேன். அவரும் மரியாதைக்குக் கை கொடுத்தார்.

திரும்பும் பஸ்ஸில் அம்மா ஜன்னலோரம் வாயைத் திறந்து தூங்கினாள். அக்கா மடியில் அந்தப் பெட்டி. ஷூவிலிருந்த மணலைத் தட்டித் துடைத்து, வெள்ளைப் பேப்பரைச் சுற்றி அவளே வைத்திருந்தாள். பஸ் பள்ளிகொண்டாவைத் தாண்டியது. பிறகு என் போனை வாங்கி, என் தோஸ்த்தின் நம்பரை அவளே தேடிப் போட்டாள். திட்டப் போகிறாள் என்று நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"தம்பி, இடது காலும் சீக்கிரமா செஞ்சு குடுப்பா" என்றாள். "எங்கம்மா மாநிலப் போட்டிக்குப் போறாங்க."