காஜா பெராங்கில் நான் கட்டிய வேஷம்

பழைய படுக்கை விரிப்பு ஒன்றை இரண்டு விரல் அகலத்துக்கு நாடா நாடாகக் கிழித்து, என் இரு கைகளிலும் மணிக்கட்டு வரை சுற்றிவிட்டார்கள். விரல்களை உள்பக்கமாக மடக்கிக்கொள்ளச் சொல்லி அதன் மேல் சுற்றியதால் கைகள் மொட்டையாகத் தெரிந்தன. முகத்தில் அடுப்புச் சாம்பல். தோளில் கிழிந்த போர்வை. கட்டி முடித்ததும் தோழிகள் இரண்டடி தள்ளி நின்று பார்த்துவிட்டு, "தத்ரூபமா இருக்குடி" என்றார்கள். அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. கல்லூரி நாடகங்களில் ராணிக்குப் பின்னால் நின்று விசிறி பிடிக்கும் வேஷம்தான் எப்போதும் எனக்கு வாய்க்கும். முதல் தடவையாக நடிப்பதற்கு ஏதோ இருக்கிற வேஷம் கிடைத்ததில் எனக்கு இருந்த பெருமையை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

பாளையங்கோட்டையிலிருந்து எட்டு மாணவிகளும் ஒரு விரிவுரையாளருமாக நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி, மலாயாவில் இறங்கி, மலாக்கா ஊரில் காஜா பெராங்கிலிருந்த ஒரு பிள்ளைகள் இல்லத்துக்கு வந்து சேர்ந்திருந்தோம். நாற்பது நாள் ஊழியம். அந்த நாட்டுக்குச் சுதந்திரம் வரப்போகிற ஆகஸ்ட் மாதம் அது. ஊரில் எங்களுக்கு மாலை போட்டு, ஜெபம் செய்து, ஊறுகாய் ஜாடிகள் கட்டிக்கொடுத்து வழியனுப்பி வைத்தார்கள். திக்கற்ற பிள்ளைகள் எங்களுக்காகவே வாசலில் காத்துக்கொண்டிருப்பார்கள் என்பதுபோல எங்களுக்கு ஒரு நினைப்பு. வந்து பார்த்தால், அந்தப் பிள்ளைகள்தான் எங்களுக்குக் கிணற்றில் வாளி இறக்கவும், அட்டை கடித்தால் பிடுங்கவும் கற்றுக்கொடுத்தார்கள். முதல் வாரம் முழுவதும் எங்களில் பாதிப் பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்துக் கிடந்தோம். ஊழியம் எல்லாம் எங்களுக்குத்தான் நடந்தது.

இல்லத்தை நடத்தியவரை எல்லாரும் மேட்ரன் என்றே அழைத்தார்கள். உயரமான, அதிகம் பேசாத அம்மாள். சமையல் செய்தவள் பக்கத்திலிருந்த செட்டிக் கிராமத்துப் பெண், பல தலைமுறைக்கு முன்பே அங்கே குடியேறித் தமிழை மறந்துவிட்ட வம்சம். சாரோங்கும் கெபாயாவும் உடுத்தி, நெற்றியில் திருநீறு பூசி, எங்கள் தெருப் பெண் ஒருத்தி மாறுவேடத்தில் வந்தவள்போலத்தான் இருப்பாள். ஆனால் வாயைத் திறந்தால் மலாய்தான். நாங்கள் ஆசையாகத் தமிழில் பேசப் போனால் சிரித்துவிட்டு மங்குத் தட்டில் இன்னும் ஒரு கரண்டி சோறு போடுவாள். வந்த அன்றைக்கே மேட்ரன் எங்களிடம் ஒன்றே ஒன்று சொல்லியிருந்தார். "பிள்ளைங்ககிட்ட என்ன வேணும்னாலும் பேசுங்க. பெத்தவங்க யாரு, எங்க இருக்காங்கன்னு மட்டும் கேக்காதீங்க." நாங்கள் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதே பெரிய பண்பு என்று நினைத்துக்கொண்டோம்.

ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி என்னோடு ஒட்டிக்கொண்டாள். இல்லத்தில் அவளைப் பாப்பா என்றே கூப்பிட்டார்கள். காலையில் தலை பின்னிக்கொள்ள என்னிடம்தான் வருவாள். பின்னி முடிக்கிறவரை என் புடவை முந்தானையைச் சுண்டுவிரலில் சுற்றிக்கொண்டு நிற்பாள். எதையாவது பிடித்துக்கொண்டிருந்தால்தான் அவளுக்கு நிம்மதி. "எங்கம்மா தூரத்துல வேலை பாக்குறாங்க. வருவாங்க" என்று ஒரு நாள் தானாகவே சொன்னாள். நான் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

மெர்டேக்காவுக்கு, அதாவது அவர்கள் சுதந்திர தினத்துக்கு, முந்திய சனிக்கிழமை பிள்ளைகளுக்கு ஒரு நாடகம் போடுவது என்று நாங்களாகவே முடிவு செய்தோம். ஞாயிறு பள்ளியில் சின்ன வயதிலிருந்து கேட்டுக் கேட்டு மனப்பாடமாகியிருந்த கதை, குஷ்டரோகிகள் குணமாகிற கதை. ஒத்திகை இல்லாமலே போடலாம். எத்தனை ஊர்களில் போட்டு எத்தனை பேரை அழவைத்திருக்கிறோம். அந்த வாரம் மேட்ரன் சுதந்திர தின ஏற்பாடுகளுக்காக நாளெல்லாம் வெளியே அலைந்துகொண்டிருந்தார். அவரிடம் கதையைச் சொல்லி அனுமதி கேட்கவேண்டும் என்றுகூட எங்களுக்குத் தோன்றவில்லை. நல்ல காரியத்துக்கு என்ன அனுமதி என்கிற தைரியம். குஷ்டரோகி வருவதை எச்சரிக்க நாடகத்தில் ஆட்டுவதற்காகச் சாப்பாட்டு மணியைச் சமையற்காரியிடம் கேட்டோம். என் கைக்கட்டைப் பார்த்ததும் அவள் முகம் மாறிவிட்டது. மணியை மார்போடு பிடித்துக்கொண்டு மலாயில் நீளமாக ஏதோ சொன்னாள். ஒரு மணியைத் தர இத்தனை கஞ்சத்தனமா என்று சிரித்துக்கொண்டே வாங்கிவந்துவிட்டோம்.

நான் நன்றாக நடித்தேன். அதைச் சொல்லாமல் விட்டால் பொய் சொன்னதாகும். கைக்கட்டில் செருகிய மணியை ஆட்டிக்கொண்டு, முதுகைக் கூனி, மடங்கிய கைகளை முன்னால் நீட்டி, முன்வரிசைப் பிள்ளைகளுக்கு எட்டுகிற தூரம் வரை போய் ஊளையிட்டேன். பிள்ளைகள் வீரிட்டார்கள். பாப்பா பெஞ்சுக்கு அடியில் புகுந்துகொண்டாள். கடைசியில் கட்டுகளை அவிழ்த்துச் சுகமான கையைத் தூக்கிக் காட்டும் இடம் வந்தபோது அவள் அதைப் பார்க்கவே இல்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தாள். மறுநாள் முற்றத்தில் பிள்ளைகள் புது விளையாட்டு ஒன்று விளையாடினார்கள். ஒருவன் விரல்களை மடக்கிக்கொண்டு துரத்துவான். தொட்டுவிட்டால் அவுட். எங்கள் நாடகம் எப்படிப் பதிந்திருக்கிறது பார் என்று நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

அதைப் பார்த்தபடிதான் மேட்ரன் வெளியிலிருந்து உள்ளே வந்தார். எங்களைத் தன் அறைக்கு அழைத்துக் கதவைச் சாத்தினார். திட்டுவார் என்று நினைத்தோம். திட்டவில்லை. "இங்க இருக்கிற பிள்ளைங்கள்ல ஏழு பேரைப் பெத்தவங்க குஷ்டரோகிக் குடியிருப்புலதான் இருக்காங்க. அங்க பிள்ளை பிறந்தா உடனே பிரிச்சு வெளிய அனுப்பிடணும், அதான் சட்டம். பள்ளிக்கூடத்துல தெரிஞ்சா மறுநாள் பக்கத்துல உக்கார ஆள் இருக்காது. அதனாலதான் பிள்ளைங்களுக்கே சொல்லல. உங்களுக்காவது சொல்லியிருக்கணும்" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "அந்தப் பாப்பாவோட அம்மாவுக்குப் புது மருந்துல நோய் போயிடுச்சு. விடுதலைத் தாள் கொடுத்துட்டாங்க. மெர்டேக்கா முடிஞ்சு வர்ற திங்கக்கிழமை மகளைக் கூட்டிட்டுப் போக வராங்க. நோய் போயிடுச்சு. விரல் நிமிராது."

அடுத்த எட்டு நாளும் நான் செய்யாத சமாதானம் இல்லை. கிழிந்த நாடாக்களை எடுத்துவந்து பாப்பாவிடம் காட்டி, "பாரு, வெறும் துணிதான், உள்ள இருந்தது அக்காதான்" என்றேன். அவள் என் கையைப் பார்த்தாள், துணியைப் பார்த்தாள், எழுந்து போய்விட்டாள். மறுநாளிலிருந்து வேறொருத்தியிடம் தலை பின்னிக்கொண்டாள். ஊரெல்லாம் லாரிகளில் கொடி பறந்தது. மெர்டேக்கா அன்று பிள்ளைகளை வரிசையாக நடத்தி ஜாலான் துக்காங் எமாஸ் தெரு வழியாகக் கூட்டிப்போனோம். கோயில் மணியும் பள்ளிவாசல் பாங்கும் அடுத்தடுத்துக் கேட்டன, எல்லாரும் மிட்டாய் கொடுத்தார்கள். எனக்குத் திங்கட்கிழமை ஒன்றுதான் நினைவில் இருந்தது.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அவள் வந்தாள். ஊளையிடுகிற ஒரு உருவத்தை நானும் என்னை அறியாமல் எதிர்பார்த்திருந்தேன் போலிருக்கிறது. வந்தவள் பூப்போட்ட சேலை கட்டி, கறுப்புக் குடையைக் கக்கத்தில் இடுக்கி, நிமிர்ந்து நடக்கிற ஒரு ரப்பர் தோட்டத்துப் பெண். முப்பது வயதுகூட இருக்காது. குடையைச் சாத்தும்போதுதான் கைகளைக் கவனித்தேன். பத்து விரல்களும் உள்நோக்கி வளைந்திருந்தன. பாப்பாவும் கவனித்துவிட்டாள். ஒரு சத்தம்கூடப் போடாமல் ஓடிப்போய்ப் பின்கட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டாள். யார் கூப்பிட்டும் வரவில்லை.

மேட்ரன் அந்தப் பெண்ணை வராந்தாவில் உட்காரவைத்துக் கோப்பி கொடுத்தார். "பிள்ளை தானா நடந்து வரணும். இழுத்துக் கொடுக்க மாட்டேன். நாலு மணி பஸ்ஸுக்குள்ள வரலன்னா, பள்ளிக்கூட லீவுல மறுபடியும் பாப்போம்" என்றார். செங் என்ற ஊர்ப் பக்கம் ஒரு சீனர் வைத்திருந்த கோழிப்பண்ணையில் அவளுக்கு வேலையும் ஓர் அறையும் கிடைத்திருந்தன. ஒரு சின்னக் கட்டில்கூட வாங்கிப் போட்டிருந்தாளாம். அவள் கோப்பிக் கோப்பையை இரு கைகளாலும் அணைத்து எடுத்தாள். ஆவி பறந்தது. "சுடும்மா" என்று நான் பதறினேன். "சுட்டாத் தேவலையே" என்றாள். "இந்தக் கைக்கு ஒண்ணும் தெரியாதும்மா. நெருப்பும் தெரியாது, தண்ணியும் தெரியாது. கண்ணு பாத்துச் சொன்னாத்தான் உண்டு." அவள் புறங்கையில் பழைய சூட்டுத் தழும்புகள் இருந்தன.

இதற்கு மேல் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. பிள்ளை ஏன் ஓடினாள் என்பதை முழுவதும் சொல்லிவிட்டேன். சாம்பல், மணி, ஊளை, எதையும் மறைக்கவில்லை. அவள் திட்டட்டும் என்று காத்திருந்தேன். அவள் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எங்க, ஒரு தடவை செஞ்சு காட்டு."

எனக்குப் புரியவில்லை.

"வேஷம் கட்டினேன்னு சொன்னியே, அதைத்தான். செஞ்சு காட்டு."

அந்த வராந்தாவில், பட்டப்பகலில், உண்மையான மடங்கிய கைகளுக்கு எதிரே நின்று நான் கூனிக் குறுகி நடந்து காட்டினேன். வாழ்க்கையில் அதைவிட அவமானமாக நான் நின்றதில்லை. அவள் தலையைச் சாய்த்து, உபாத்தியாயினிபோலக் கவனமாகப் பார்த்தாள். "சரியில்ல" என்றாள். "முதுகுக்கு என்ன வந்துச்சு? எங்க ஆளுங்க பந்து விளையாடுறதை நீ பாத்ததில்ல. அப்புறம் மணி. எங்க இடத்துல மணி அடிச்சா சோறு வந்திருச்சுன்னு அர்த்தம். நாங்கதான் ஓடுவோம், எங்களைப் பாத்து யாரும் ஓட மாட்டாங்க." பிறகு, "அங்க தீபாவளிக்குத் தீபாவளி நாடகம் போடுவோம். நான்தான் கோமாளி" என்றாள்.

சேலையை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு முற்றத்தில் இறங்கினாள். குடியிருப்பில் அவளுக்கு முதல் வேலை கோழி பிடிக்கிறதாம். பிடி இல்லாத கையோடு கோழியைத் துரத்தின கதையை நடித்துக் காட்டத் தொடங்கினாள். அவளே கோழி, அவளே அவள், அவளே கண்ணாடி போட்ட வெள்ளைக்கார டாக்டர். கோழி டாக்டர் அறைக்குள் புகுந்து மேசைமேல் ஏறி, மருந்துப் புட்டிகளுக்கு நடுவே நின்று கழுத்தை வெட்டி வெட்டிப் பார்த்தபோது, தூண் மறைவில் நின்ற பிள்ளைகள் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். சமையற்காரி கையில் கரண்டியோடு வந்து, ஒரு வார்த்தை புரியாமல் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். மேட்ரன் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

தொட்டிப் பக்கமிருந்து பாப்பா எப்போது எழுந்து வந்தாள் என்று நான் பார்க்கவில்லை. பார்த்தபோது அவள் தாயின் முதுகுக்குப் பின்னால், சற்றே பக்கவாட்டில் நின்றிருந்தாள். என் முந்தானையைப் பிடித்து நின்ற அதே நிலை. அவளுடைய சின்னக் கை, தொங்கிக்கொண்டிருந்த அந்த வலது கையின் வளைந்த விரல்களுக்குள் நுழைந்து அவற்றைப் பிடித்துக்கொண்டிருந்தது. தாய்க்குத் தெரியவில்லை. அவள் எதிரே நின்ற பிள்ளைகளைப் பார்த்து, இடது கையைச் சிறகாக அடித்துக் கொக்கரித்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகளின் சிரிப்பு மெல்ல நின்றது. கதை பிடிக்கவில்லையோ என்று அவள் இன்னும் பலமாகக் கொக்கரித்தாள். யாரும் வாயைத் திறக்கவில்லை. எங்கே அந்தப் பிடி விட்டுப்போகுமோ என்று எல்லாருக்கும் பயம். எனக்கும் பயம்தான்.

"அம்மா, உங்க வலது கையைப் பாருங்க" என்றேன்.

அவள் குனிந்து பார்த்தாள். அசையாமல் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு, யாரைக் கேட்கிறாள் என்று தெரியாத குரலில், "எவ்வளவு நேரமா?" என்றாள்.

"கோழி ஓடுனதுலேர்ந்து" என்றாள் பாப்பா.

தாய் உட்கார்ந்து மகளைக் கட்டிக்கொள்வாள் என்று நான் நினைத்தேன். அவள் அப்படிச் செய்யவில்லை. கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டு, மறுபடியும் நிமிர்ந்து, மீதிக் கதையை இடது கையால் மட்டுமே நடித்து முடித்தாள். வலது கையைக் கடைசிவரை அசைக்கவில்லை. நாலு மணி பஸ்ஸுக்கு இருவரும் நடந்து போனபோதும் அவள் முன்னால் வழியைப் பார்க்கவில்லை, நாலடிக்கு ஒரு தரம் கையைத்தான் குனிந்து பார்த்துக்கொண்டு போனாள்.

ஊர் திரும்பியதும் சபையில் எங்கள் ஊழிய அறிக்கையை நான்தான் வாசித்தேன். வெள்ளையடித்த சுவர்கள், கற்றுக்கொடுத்த பாட்டுகள், தைத்துக் கொடுத்த உடுப்புகள் எல்லாம் அதில் இருந்தன. கைதட்டினார்கள். இதைச் சொல்லத் தைரியம் வரவில்லை. அந்த நாற்பது நாளில் அந்த மண்ணுக்கு நான் செய்ததாகச் சொல்லிக்கொள்ள, வலது கையைப் பாருங்க என்ற ஒரே ஒரு வாக்கியம்தான் இருக்கிறது, அதுவும் என் பிழைக்குப் பிறகு சொன்னது.

எனக்குச் சர்க்கரை வந்து நெடுநாளாகிறது. போன மாதம் அடுப்பிலிருந்து வெந்நீர்ப் பாத்திரத்தை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பினேன். மகள்தான், "அம்மா, கை!" என்று ஓடிவந்தாள். தோல் வெந்து உரிந்திருந்தது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் நர்ஸ் பெண், விரல்களை லேசாக மடக்கச் சொல்லி, வெள்ளைத் துணியை மணிக்கட்டு வரை சுற்றினாள். முடித்து நிமிர்ந்தபோது என் கையை நான் அடையாளம் கண்டுகொண்டேன். பாளையங்கோட்டைத் தெருவில் ஆட்டோவுக்காக நின்றோம். வெயில், கூட்டம், ஹாரன் சத்தம். மகள் பக்கத்தில்தான் நின்றாள். இருந்தாலும் எனக்கு நிச்சயமில்லை. குனிந்து பார்த்தேன். பிடித்துக்கொண்டுதான் இருந்தாள்.