மேடைக்காகச் சேர்த்த குரல்

பேருந்து நிலையத்தில் மைக்கக்காவைத் தெரியாதவர் கிடையாது. ஆனால் முகத்தைப் பார்த்தவர்கள் கொஞ்சம் பேர்தான். மாடிப்படிக்கு அடியில், மின்விசிறிகூட நிம்மதியாகச் சுற்ற இடமில்லாத கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து, எந்த வண்டி எங்கே நிற்கிறது என்று மைக்கில் அறிவிப்பது அவள் வேலை. தாமதம் செய்யும் ஓட்டுநரை விடமாட்டாள். "அண்ணன் டீ குடிச்சு முடிச்சதும் வண்டி கிளம்பும், பயணிகள் பொறுத்துக்கணும்" என்பாள். நிலையமே சிரிக்கும். ஓட்டுநர் அரை டம்ளரோடு ஓடி வருவார். அவளுடைய சம்பளம், அதிகாரம், செல்லம் எல்லாம் அந்தக் குரல்தான்.

போன வருடம் அது கம்மிப்போனது. சளிதான் என்று வெந்நீராகக் குடித்துத் தள்ளினாள். தொண்டையில் கட்டி, அதுவும் கெட்ட கட்டி என்று மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். குரல்வளையையே எடுத்துவிடலாம் என்றார்கள் பெரிய டாக்டர்கள். அதே கல்லூரியில் படித்து அங்கேயே வேலைக்குச் சேர்ந்திருந்த ஓர் இளைய டாக்டர் மட்டும் முரண்டு பிடித்தார். புதிய முறையில் கட்டியை மட்டும் எடுத்தார். குரல் தப்பியது.

வீட்டுக்கு அனுப்பும்போது அவர் ஒன்றைத்தான் சொன்னார். "அக்கா, திரும்பக் கம்முற மாதிரி இருந்தா அன்னைக்கே வந்துடணும். தள்ளிப்போட்டீங்கன்னா அடுத்த தடவை குரலைக் காப்பாத்த என்னால முடியாது."

இப்போது கொஞ்ச நாளாகக் கம்முகிறது.

போய்ச் சொல்லித் தொலைத்திருக்கலாம். அதற்குள் டாக்டரே போன் செய்துவிட்டார். கல்லூரியில் சாதனை விழாவாம். படிக்கிற பிள்ளைகளுக்கும் படித்து முடித்தவர்களுக்கும் பாராட்டு. அவருடைய அறுவை சிகிச்சை முறைக்கும் ஒரு விருது. "நீங்க வந்து ரெண்டு வார்த்தை பேசினா போதும்க்கா. நான் மணிக்கணக்கா பேசினாலும் அதுக்கு ஈடாகாது" என்றார். போன் வந்தது காலையில். குரல் தெளிவாக இருக்கும் நேரம். "அதுக்கென்ன டாக்டர், ஜமாய்ச்சிடலாம்" என்றாள். பரிசோதனைக்கு வரவேண்டிய நாளை அவர் நினைவுபடுத்தியபோது, விழா முடிந்து வருவதாக மழுப்பினாள்.

ஆஸ்பத்திரிக்குப் போகும்போதும் தலை வாரிப் பவுடர் பூசிக்கொண்டு போகிற ஆட்கள்தானே நாம். மைக்கக்கா குரலுக்குப் பூசினாள்.

அத்தோடு விட்டாளா? மேடைக்காகக் குரலைச் சேர்த்து வைக்க ஆரம்பித்தாள். வேலைக்கு விடுப்பு. வீட்டில் எல்லாம் சைகை. டயர் கடை வைத்திருக்கும் கணவரிடம், விழாவுக்காகத் தொண்டைக்கு ஓய்வு என்று கையைக் காட்டிச் சமாளித்தாள். "கல்யாணமான நாள்லேருந்து இப்படி ஒரு அமைதியை நான் அனுபவிச்சதே இல்ல" என்று அவர் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அவளுக்கு உள்ளுக்குள் பயம் அரித்தது. சில சமயம் அவரை உலுக்கிச் சொல்லிவிடலாமா என்றிருக்கும். சொன்னால் கையோடு இழுத்துக்கொண்டு போய்விடுவார், விழா கெட்டுவிடும். வாயை இறுக்கிக்கொள்வாள்.

விழா அரங்கில் உட்கார இடமில்லை. ஆராய்ச்சிக் கட்டுரைக்குப் பரிசு வாங்கிய மாணவி, வெளிநாட்டில் துறைத் தலைவராகிவிட்ட பழைய மாணவர் என்று ஒவ்வொருவராக மேடையேற, கைதட்டிக் கைதட்டிப் பெற்றோரின் உள்ளங்கை சிவந்தது. பிறகு இளைய டாக்டர் பெயரைச் சொல்லி, அவளை மைக்குக்கு அழைத்தார்கள்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று ஆரம்பித்தாள். அரங்கம் குலுங்கிச் சிரித்தது. குரல் மணியாக வந்தது. "என் வண்டி இனிமே கிளம்பாதுன்னு எல்லாரும் சொல்லிட்டாங்க. நம்ம டாக்டர்தான் தள்ளி விட்டார். அது இன்னும் ஓடிட்டிருக்கு."

எழுந்து நின்று கைதட்டினார்கள். டாக்டரும் தட்டினார், பாதியில் அவர் கை நின்றுவிட்டது.

விருதோடு படம் எடுக்க இருவரையும் சேர்த்து நிறுத்தினார்கள். "எப்போலேருந்துக்கா?" என்றார் அவர், மெதுவாக.

"எது டாக்டர்?"

"கடைசில குரல் உடைஞ்சுது."

அவள் தலை குனிந்துகொண்டாள். "உங்க நல்ல நாளைக் கெடுக்க வேணாம்னு பார்த்தேன்."

"அன்னைக்கே வரச் சொன்னேனேக்கா." அவர் கண் கலங்கிவிட்டது. "இதையெல்லாம் விட எனக்கு உங்க குரல்தானே முக்கியம்."

"சார், கொஞ்சம் சிரிங்க" என்றார் படமெடுப்பவர். டாக்டர் சிரித்தார். அடுத்த ஆள் மேடையேறுவதற்குள் அவள் பக்கம் திரும்பி, "நாளைக்குக் காலைல வெறும் வயித்தோட வாங்க" என்றார். போன முறை கத்தி வைப்பதற்கு முன்பும் இப்படித்தான் கூப்பிட்டார்கள்.

கீழே கணவர் முகமெல்லாம் பல்லாக நின்றிருந்தார். "அசத்திட்ட போ. பக்கத்துல உக்காந்தவங்ககிட்டல்லாம் என் சம்சாரம்னு சொல்லிட்டேன். டாக்டர் என்ன சொன்னார்?"

சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தாள். வெறும் காற்றுதான் வந்தது. இன்னொரு முறை முயன்றாள். அவர் கையைப் பிடித்துக்கொண்டு, தொண்டையைத் தொட்டுக் காட்டினாள்.

"விழாதான் முடிஞ்சுதே, இன்னுமா ஓய்வு?" என்று அவர் சிரித்தார்.