எண்ணெய் தடவிய பலகையும் அமலோற்பவத்தம்மாளும்

செய்தி வந்தபோது நான் களத்தில் காய்கிற நெல்லைக் கோழிகளிடமிருந்து காப்பாற்றிக்கொண்டிருந்தேன். போனில் சவரிமுத்து ஓடாவி. தோணி கட்டும் தச்சரை வேம்பார்க் கரையில் ஓடாவி என்பார்கள். எதிர்க்காற்றில் நின்று பேசுகிறவர்போல எப்போதும் கத்துவார். அன்று மெதுவாகப் பேசினார்.

"அண்ணாச்சி, எங்க வீட்டுக்காரி போயிட்டா. பூசை பாத்துட்டு வந்து உக்காந்தவ, எந்திரிக்கல. நீரு வாரும். பலகை போட்டுத்தான் வச்சிருக்கேன்."

அமலோற்பவத்தம்மாள். இந்தப் பெயரை எழுதி முடிப்பதற்குள் என் காப்பி ஆறிவிட்டது. இருந்தாலும் முழுப்பெயரைத்தான் எழுதுவேன்.

அவரிடம் ஓலை முடையக் கற்ற உங்கள் எல்லோருக்கும் வாசல்படிமேல் சரிவாகப் போட்ட அந்தப் பலகையைத் தெரியும். அது முதலில் எப்படி இருந்தது என்பது உங்களுக்குத் தெரியாது. அதில் வழுக்கியவன் நான்.

நான் கொற்கைப் பக்கத்து விவசாயி. தென்னையிலிருந்து விழுந்த பிறகு எனக்குக் கால்கள் இல்லாத மாதிரிதான். சக்கர நாற்காலிதான் எல்லாம். கல்யாண வீடு, கோவில், பேங்க், எங்கே போனாலும் படி இருக்கும். படியைக் கண்டதும் நாலு பேர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். நல்ல மனசுதான். ஆனால் தூக்கட்டுமா என்று ஒருவரும் கேட்டதில்லை. நெல் மூட்டையிடம் யார் கேட்பார்கள்? ஒரே ஒரு வீட்டுக்குள்ளாவது நானாக வாசலேறிப் போய்விட வேண்டும் என்று எனக்கு ஆசை. வெளியே சொல்ல வெட்கமான ஆசை.

அப்போதுதான் மருமகளின் போனில் ஓடிய வீடியோவில் வேம்பார் அம்மாள் ஒருவர் பனையோலை முடைந்தபடி பேசினார்: "வெளியூர்க்காரவுகளும் வந்து படிக்கலாம். சக்கர நாற்காலியோடயே உள்ள வரலாம். ஒருத்தரும் தூக்க வேண்டாம்." நான் உடனே கிளம்பினேன். என் மனைவி வடிவு, "வீட்டுல ஒரு வெங்காயம் உரிச்சுத் தந்ததில்ல. கடக்கரைக்குப் போயிக் கொட்டான் முடையப் போறியளாக்கும்" என்றாள். திட்டிக்கொண்டே புளிச்சோறு கட்டி எடுத்துக்கொண்டு அவளும் லோடு ஆட்டோவில் ஏறினாள். நாற்காலியைக் கயிறு போட்டுக் கட்டி, தூத்துக்குடியைத் தாண்டி, கடலோர ரோட்டில் போனோம்.

வேம்பாரில் அந்த வீட்டு வாசலில் பலகை பளபளவென்று இருந்தது. "ஏளா, கைய எடு" என்று வடிவிடம் சொல்லிவிட்டு நானே சக்கரத்தை உந்தினேன். பாதி தூரம் ஏறினேன். சக்கரம் மேலே சுற்றியது. நான் கீழே போனேன். எதிர்வீட்டில் காயப்போட்டிருந்த நெத்திலிக் கருவாட்டின்மேல் போய் நின்றேன்.

அமலோற்பவத்தம்மாள் வெளியே வந்து பலகையைத் தொட்டு விரலை முகர்ந்து பார்த்தார்.

"இந்தாரும், இதுல என்னத்தத் தடவுனீரு?"

"மீனெண்ணெய்" என்றார் ஓடாவி.

"எதுக்கு?"

"எண்ணெய் தடவாம எந்தத் தோணி எறங்கியிருக்கு?"

"அவரு எறங்க வரல வேய், ஏற வந்திருக்காரு!"

ஓடாவியும் பலகையைத் தொட்டு முகர்ந்தார். "அத மொதல்லயே சொல்லியிருக்கலாம்லா" என்றார்.

அவர்மேல் தப்பில்லை. வாழ்நாள் முழுவதும் அவர் போட்ட பலகைகளில் எல்லாமே கீழே, கடலுக்குத்தான் போயிருக்கின்றன. அந்தச் சரிவில் ஒரு தோணியை விட்டிருந்தால் அழகாக இறங்கியிருக்கும். நானும் அழகாகத்தான் இறங்கினேன்.

அதற்குள் கரையிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். "ஏலே, அண்ணாச்சியத் தூக்குங்கல!" கக்கத்துக்குள் கைகள் வந்துவிட்டன. எனக்குக் கண் கலங்கிப்போயிற்று. அந்த அம்மாள் என் முகத்தைப் பார்த்தார். "எவனும் தொடாதிய. அவரு வாசலுக்கு வர முடியலன்னா வகுப்பு தெருவுக்கு வரும்" என்றார். ஈரத்துணியில் சுற்றிய குருத்தோலையோடு படியிறங்கி வந்து தெருவிலேயே உட்கார்ந்துவிட்டார்.

முதல் பாடத்தை ஆடு தின்றது. இரண்டாவதாக முடைந்த கொட்டான், அந்தச் சின்ன ஓலைப்பெட்டி, நன்றாக வந்தது. மூடிதான் சிறுத்துப்போய்ப் பெட்டிக்குள் விழுந்துவிட்டது. "உம்ம மூடிக்கு வெக்கம் சாஸ்தி அண்ணாச்சி, உள்ள போயி ஒளிஞ்சிக்கிடுது" என்றார். வடிவுக்கு ஒரே சிரிப்பு. அவள் முடைந்தது சரியாக மூடியது. அதை இன்றுவரை சொல்லிக் காட்டுகிறாள்.

இதற்கிடையில் ஓடாவி மணல் போட்டு எண்ணெயைத் தேய்த்து எடுத்தார். பலகையைச் சுவரோரமாக நீட்டிச் சரிவைக் குறைத்தார். குறுக்கே தேங்காய்நார்க் கயிறு வைத்து ஆணியடித்தார். வெயில் தாழ்ந்தபோது நான் மறுபடி உந்தினேன். கரையாட்கள் போகவில்லை. படகு இழுக்கும்போது போடும் சத்தத்தைப் போட்டார்கள். கயிறு இருப்பதுபோல வெறுங்காற்றைப் பிடித்து இழுத்தார்கள். என்னை ஒருவரும் தொடவில்லை. நான் ஏறிவிட்டேன். வாசலில் அந்த அம்மாள், புதுத்தோணிக்குத் தெளிப்பதுபோல நாற்காலிச் சக்கரத்தில் தீர்த்தம் தெளித்தார்.

புதுத்தோணி என்றால் பெயர் எழுத வேண்டுமாம். ஓடாவி பெயிண்ட் டப்பாவோடு வந்து அந்தோணியார் பேரைச் சொன்னார். வடிவு எங்கள் சாஸ்தா பேரைச் சொன்னாள். "சாமிகளுக்குள்ள சண்ட இழுக்காதிய" என்று அந்த அம்மாள் முடித்துவைத்தார். "தூக்க வேண்டாம், வழி விடவும். இத எழுதும்."

அப்படித்தான் நாற்காலியில் என் முதுகுக்குப் பின்னால் எழுத்து வந்தது. ஊரே அதைப் படித்தது. எனக்குத்தான் படிக்கத் தெரியவில்லை. அந்த ரோஷத்தில்தான் முதியோர் வகுப்பில் சேர்ந்தேன். முதலில் கேட்டு வாங்கிய எழுத்து 'தூ'. அதைப் போனில் சொன்னபோது, "நல்லதாப் போச்சு. இனி ஊரான் முதுகுல என்ன இருக்குன்னு நீரும் படிப்பீரு" என்றார்.

அடக்கத்துக்குப் போனேன். வாசலில் பெருங்கூட்டம். வெளியூர் ஆட்கள் சிலர் பின்னாலிருந்து வேகமாக வந்தார்கள். நாற்காலியின் முதுகைப் படித்துவிட்டுக் கையை எடுத்தார்கள். கூட்டம் விலகியது. நான் ஏறினேன். மேலே நின்ற ஓடாவி என் காதருகே குனிந்தார்.

"எண்ணெய் தடவல, அண்ணாச்சி."

அந்த வீட்டில், அந்த நேரத்தில், நாங்கள் இருவரும் சிரித்துவிட்டோம். சிரித்து முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. பெட்டிக்குள் இருந்த அமலோற்பவத்தம்மாள் தப்பாக நினைத்திருக்க மாட்டார்.

அவர் நினைவாக என்னிடம் இருப்பது அந்த வெட்கப்படும் மூடியுள்ள கொட்டான். மூக்குக்கண்ணாடியை அதில்தான் போட்டு வைக்கிறேன். எடுக்கும்போதெல்லாம் மூடியும் கூட வருகிறது. இன்னொன்று அந்த எழுத்து. வெயிலில் பெயிண்ட் உரிந்துவிட்டதால், நேற்றுக் கட்டிலில் உட்கார்ந்து, வடிவை நாற்காலியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, நானே திரும்ப எழுதினேன்.

"கோணலா இருக்கு" என்றாள் வடிவு.

அவளுக்கு எழுத்துத் தெரியாது. ஆனாலும் சரியாகத்தான் சொன்னாள். இருக்கட்டும். 'தூ' நன்றாக வந்திருக்கிறது.