போர் அடிக்கிற ஊர்

எங்கள் பாலர் பள்ளியில் 'சத்த டீச்சர்' என்றால்தான் அவளைத் தெரியும். படக்கதைப் புத்தகத்தைக் கையில் எடுத்தால் போதும், புலி உறுமும், ரயில் கூவும். பக்கத்து வகுப்பில் பாடம் நடத்துகிற நான் வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். எத்தனை முறை சண்டை போட்டிருப்பேன். "கதைன்னா சத்தம் இருக்கணும்க்கா" என்று பல்லைக் காட்டுவாள்.

அப்படிப்பட்டவளுக்கு வந்து வாய்த்தாள் ஒரு சின்னப் பெண். போர் நடக்கிற ஊரிலிருந்து அம்மாவோடு தப்பி வந்தவள். டீச்சர் கதையில் ரயில் கூவிய அன்றைக்கு மேஜைக்கு அடியில் போய் ஒளிந்தவள்தான், அதற்கப்புறம் குடித்தனமே அங்கேதான். பேச்சு மூச்சு கிடையாது. "இந்த வாரமும் இப்படியே இருந்தா வேற பள்ளிக்கூடம் பாத்துக்கச் சொல்லிடுவேன்" என்று தலைமையாசிரியை கறாராகச் சொல்லிவிட்டார். டீச்சருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. "எல்லாம் என் தொண்டையாலதான்க்கா" என்று என்னிடம் வந்து அழுதாள். பாவமாகத்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை, போரைப் பற்றிய படக்கதை ஒன்றை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். என்னதான் செய்கிறாள் பார்ப்போம் என்று நானும் என் வகுப்பை ஓட்டிக்கொண்டு போனேன். சத்தமே போடாமல், "ஒரு ஊர்ல போர் வந்துச்சு" என்று வாசித்தாள்.

"போர் அடிச்சா டிவி போட வேண்டியதுதானே மிஸ்?" என்றான் ஒருவன்.

"எங்க வீட்லயும் போர் போட்டாங்க. தண்ணி பீச்சி அடிச்சுது" என்றாள் இன்னொருத்தி.

டீச்சர் திருதிருவென்று விழித்தாள். "அந்தப் போர் இல்லடா. பெரியவங்க போடற சண்டை."

"யாரு முதல்ல அடிச்சா?"

"அவங்களக் கேட்டா இவங்கம்பாங்க, இவங்களக் கேட்டா அவங்கம்பாங்க."

"அப்போ ரெண்டு பேரையும் மூலையில நிக்க வைங்க."

"நிக்க வைக்கத்தான் அவங்களுக்கு ஒரு மிஸ் இல்லயே."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அதற்குள் பிள்ளைகளுக்குப் புத்தகம் அலுத்துவிட்டது. "போர் அடிக்குது மிஸ்" என்று ஒருவன் ஆரம்பிக்க, மொத்த வகுப்பும் அதையே பிடித்துக்கொண்டது.

"எங்க ஊர்ல போரே அடிக்காது."

மேஜைக்கு அடியிலிருந்து வந்தது அந்தக் குரல். மொத்த வகுப்பும் குனிந்து பார்த்தது.

"டிவி பாக்கும்போதும் ஓடுவோம். தூங்கும்போதும் எந்திரிச்சு ஓடுவோம்."

டீச்சர் தரையோடு தரையாகக் குனிந்தாள். "இங்க எப்படி இருக்கு கண்ணு?"

சின்னவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு பையை இழுத்துக்கொண்டு வெளியே தவழ்ந்து வந்து, பிள்ளைகளுக்கு நடுவில் இடம் பிடித்து உட்கார்ந்தாள்.

"இங்க நல்லா போர் அடிக்குது மிஸ். எங்க அப்பாவையும் இங்க கூட்டிட்டு வரலாமா?"

டீச்சர் அவளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.