கிள்ளைக் கரையில் நான் நின்ற இடம்

காலை ஆறேகாலுக்குக் கடலூர் முதுநகரில் சிதம்பரம் பஸ் ஏறினேன். நாற்பது கிலோமீட்டர், முப்பத்தெட்டு ரூபாய், ஜன்னல் ஓரம். மடியில் நாலடுக்கு கேரியர். மூன்றடுக்கில் புளிசோறு, மேலடுக்கில் நெத்திலிக் கருவாடு வறுவல். எனக்கு மூன்றாம் வகுப்பு வரை படிப்பு. பஸ் போர்டு படிப்பேன், இதையும் எழுதுவேன். அவசரப்படுத்தக் கூடாது, அவ்வளவுதான்.

ஆலப்பாக்கம் தாண்டியதும் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் மூக்கைச் சுருக்கி, கேரியரைப் பார்த்து, பிறகு சிநேகமானாள்.

"எங்கக்கா, ராணி கலர் பொடவ கட்டிக்கிட்டு? கல்யாணமா?"

"கிள்ளைக்கு. எம் பொண்ணு வேலை செய்யறதப் பாக்கப் போறேன்."

"என்னா வேலை?"

"படகு ஓட்டறதுக்குச் சொல்லிக் குடுக்கறவங்க இருக்காங்கல்ல, அவுங்களுக்குச் சொல்லிக் குடுக்கறா."

அந்த அம்மாள் விரலை மடக்கிப் பார்த்தாள். "அப்ப படகை யாருதான் ஓட்டறது?"

"அதுக்கு வேற ஆளு."

"எங்க வூட்டுக்காரரும் அப்புடித்தான்க்கா. மேஸ்திரிக்கு மேஸ்திரி. செவுருதான் எழும்ப மாட்டேங்குது" என்றவள் புதுச்சத்திரத்தில் இறங்கிப் போனாள்.

அவளுக்கு நான் முழுதும் சொல்லவில்லை. உங்களுக்குச் சொல்கிறேன். என் மகள் கலைச்செல்வி பதின்மூன்று வயதிலேயே வாசற்படியில் தலை இடிக்கும் உயரம். விளையாட்டு விடுதிக்காரர்கள் ஆளை அளந்து பார்த்து அழைத்துப் போனார்கள். கபடிக்கு என்று நினைத்துத்தான் அனுப்பினேன். துடுப்பைக் கையில் கொடுத்துவிட்டார்கள். பதினாறு வருடம் இந்தியாவுக்காகத் துடுப்புப் போட்டாள். வெளிநாட்டில் வாங்கிய வெள்ளிப் பதக்கம் எங்கள் பீரோவில் கேஸ் சிலிண்டர் புத்தகத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. முதுகெலும்பு மக்கர் செய்ததும் நிறுத்தினாள். இப்போது கன்சல்டன்ட். ஊர் ஊராகப் போய்ப் பார்த்து, என்ன குறை என்று கோச்சிடம் சொல்லிவிட்டு வருகிற வேலை.

அன்றைக்குக் கிள்ளையில் ஒரு மகளிர் கல்லூரியின் அணியை அவள் பார்க்க வேண்டும். பார்த்து, பதினோரு மணிக்குள் பிரின்சிபாலுக்குப் பிடிக்கிறபடி ஓட வைத்துக் காட்டினால் மூன்று வருட ஒப்பந்தம். மாதத்தில் பத்து நாள் என் வீட்டில் தூங்குவாள். பிடிக்காவிட்டால் மறுபடி புனே, போபால், போன். "நீ வரவேணாம்மா, இது வேலை" என்று முதல் நாளே சொல்லியிருந்தாள். அதனால்தான் சொல்லாமல் புறப்பட்டேன்.

காலை ஏழே முக்காலுக்குச் சிதம்பரம். காப்பி இருபது ரூபாய், சர்க்கரை ஜாஸ்தி. கிள்ளைக்கு டவுன் பஸ், பெண்களுக்குக் காசில்லை. பதின்மூன்று கிலோமீட்டரை முக்கால் மணி நேரம் ஓட்டினார்கள். கிள்ளையிலிருந்து நீர்க்கரைக்கு ஆட்டோ, எண்பது ரூபாய்.

"போட்டிங்கா பாட்டி?" என்றான் டிரைவர்.

"பந்தயப் படகு."

"அந்தப் பொண்ணுங்களா? நாலும் முதுகைக் காட்டிக்கிட்டு ஒக்காந்து ஓட்டுதுங்க. நேத்து எங்க மாமா நண்டு வலையிலயே ஏத்திட்டாங்க. எங்க மாமா கழி ஊனித் தள்ளுவாரு, முன்னால பாத்துதான் தள்ளுவாரு. பின்னால பாத்துக்கிட்டு எங்க போறது?"

"வெள்ளி மெடல் வாங்கப் போறது" என்றேன்.

ஒன்பதரைக்குக் கரை. இரண்டு பக்கமும் தண்ணீருக்குள்ளேயே வேர் விட்ட சுரபுன்னைக் காடு, நடுவில் கோடு கிழித்தது போலத் தண்ணீர். இந்தக் கோடியில் மரத்துறை. அரைக் கிலோமீட்டர் தள்ளி அந்தக் கோடியில் சிவப்புக் கொடி கட்டிய கம்பு. துறையில் பிரின்சிபால் அம்மாள் நாற்காலியில் இருந்தார். கழுத்தில் விசில் மாட்டிய கோச் மாஸ்டர் நின்றார். அவர் காதருகே குனிந்து என் மகள் ஏதோ சொன்னாள். அவர் உடனே, துறையோரப் படகில் இருந்த நாலு பெண்களைப் பார்த்து, "மூச்சு ஒண்ணா விடுங்க!" என்று கத்தினார். மறுபடி குனிந்தாள். "தோளை இறக்குங்க!" என்று கத்தினார்.

என்னைப் பார்த்ததும் கலையின் முகம் மாறியது. கிட்டே வந்தாள்.

"அம்மா!"

"நான் உன்னைப் பாக்க வரல. காத்தாட வந்தேன். ஏன்டி, நீ சொல்றத அவரு சொல்றாரு? உனக்கு வாயில்லையா?"

"அவரு டீம்மா அது. பொண்ணுங்க நாளைக்கும் அவரு பேச்சத்தான கேக்கணும்? எம் பேச்சுன்னு தெரியாம இருந்தாத்தான் என் வேலை நல்லா நடக்குதுன்னு அர்த்தம்."

"பேரு அவருக்கா?"

"பேரு அவருக்கு. ஒப்பந்தம் எனக்கு. நீ சும்மா ஒக்காரு."

சும்மா உட்காருவது எனக்குப் பழக்கமில்லை. ஐதராபாத் ஏரியானாலும் போபால் ஏரியானாலும் அவள் பந்தயத்துக்குப் போனால் நான் முடிகிற இடத்தில்தான் நிற்பேன். பெற்றவள் வேறெங்கே நிற்பாள்? ஒரு தடவைகூட அவள் என்னை ஏறிட்டுப் பார்த்ததில்லை. வருவது முழுக்க முதுகு. கோட்டைத் தாண்டியதும் தலையைத் தொங்கப் போட்டுச் சாய்ந்துவிடுவாள். அந்த வருத்தம் எனக்குள் பதினாறு வருடமாக இருந்தது. இருந்தாலும் போய் நின்றேன்.

அன்றும் கேரியரோடு கரையோரமாக நடந்து கொடிக் கம்புக்கருகே போய் நின்றேன். சேறு கணுக்கால் வரை. பத்து மணிக்கு விசில். நாலு முதுகும் பாதி தூரம் நன்றாகத்தான் வந்தன. அப்புறம் ஒருத்தி கழுத்தைத் திருப்பினாள், இன்னொருத்தி திருப்பினாள், படகு லேசாகக் கோணியது. எனக்குப் பொறுக்கவில்லை. கேரியரைத் தூக்கி ஆட்டி, "வா கண்ணு! வா வா வா!" என்று கத்தினேன்.

நாலு தலையும் ஒரே நேரத்தில் திரும்பின. அன்றைக்கு அவர்கள் ஒன்றாகச் செய்த முதல் காரியம் அதுதான். படகு நேராகச் சுரபுன்னை வேருக்குள் போய்ச் செருகிக்கொண்டது. கொக்குகள் எழுந்து பறந்தன. கரை முழுக்கச் சத்தமில்லை.

"யார் அந்த அம்மா?" என்ற பிரின்சிபாலின் குரல் அந்தக் கோடியிலிருந்து எனக்கே கேட்டது.

கலை சேற்றில் நடந்து வந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் என்னைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தாள், புடவையை வியாபாரி பார்ப்பது போல.

"இந்தக் கலரு எவ்ளோ தூரத்துக்கும்மா தெரியும்?"

"கடக்காரன் தூரத்துலேருந்து பாத்துதான் எடுக்கச் சொன்னான்."

கையைப் பிடித்து என்னைத் துறைக்கே திரும்பக் கூட்டி வந்தாள். புறப்படுகிற கோடியில், தண்ணீருக்கு நட்டநடுவாக, பலகை விளிம்பில் நிறுத்தினாள். "இங்க நில்லு. அசையாத."

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "முடியற எடத்துல நிக்கக் கூடாதா? நான் உன்னப் பெத்தவடி."

"முடியற எடத்துல நின்னா எப்புடிம்மா பாக்கறது? படகுல ஒக்காந்தா பொறப்பட்ட எடந்தான் கண்ணுக்குத் தெரியும். கடைசி வரைக்கும் அதத்தான் பாத்துக்கிட்டுப் போவோம்."

பதினாறு வருடம், அத்தனை ஏரி, தப்பான கோடியில் நின்றிருக்கிறேன்.

அதற்குள் பெண்கள் படகை வேரிலிருந்து விடுவித்துத் துறைக்குத் திரும்பியிருந்தார்கள். அவள் மாஸ்டர் காதருகே குனிந்தாள். அவர் கத்தினார்: "யாரும் திரும்பக் கூடாது! அந்த ராணி கலர் பாட்டி நடுவுலயே இருக்காங்களான்னு மட்டும் பாருங்க! பாட்டி ஒதுங்கினா, படகு ஒதுங்குதுன்னு அர்த்தம்!"

பாட்டி என்றது பிடிக்கவில்லை. ஆனால் நின்றேன். பத்தே முக்காலுக்கு விசில். நாலு பெண்களும் என்னையே பார்த்துக்கொண்டு என்னை விட்டுப் போனார்கள். வெயில் நடு மண்டையில். கொசு ஒன்று புறங்கையில் உட்கார்ந்து சாவகாசமாகச் சாப்பிட்டது. அசையவில்லை. மூக்கு அரித்தது. அசையவில்லை. முகங்கள் சின்னதாகி, புள்ளியாகி, கோணாமல் கொடியைத் தாண்டின.

பிரின்சிபால் எழுந்து கைதட்டினார். "மாஸ்டர், பிரமாதம்!" என்றார். மாஸ்டர் தலையைச் சொறிந்தார். பிறகு கலையைக் காட்டி, "மேடம்தான்" என்றார். நல்ல மனிதர். அவருக்குக் கருவாடு இரண்டு கரண்டி கூட வைத்தேன். மூன்று வருடத்துக்கான காகிதத்தில் கலை புளிசோற்றுக் கையைக் கழுவிவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாள்.

"போபால்ல நான் வந்தது உனக்குத் தெரியுமா?" என்று சாப்பிடும்போது கேட்டேன்.

"முதுகுலயே கேக்கும். உன் குரலுக்குப் பயந்துதான் கடைசி நூறு மீட்டர் வேகமா போவேன்."

மாலை நாலரைக்குக் கிள்ளை ஸ்டேஷனில் கடலூர் போகிற சாதாரண வண்டி, பத்து ரூபாய். வேலை இருப்பதால் கலை ஒரு வாரம் கழித்துத்தான் வீட்டுக்கு வருவாள். பெட்டியில் கூட்டமில்லை. எதிரில் இருந்தவர், "போற தெச பாத்து இங்க ஒக்காருங்கம்மா, அங்க தலை சுத்தும்" என்று எழுந்து இடம் கொடுத்தார்.

"எனக்கு இதுதான் வேணும்" என்று பின்பக்கம் பார்த்த சீட்டிலேயே உட்கார்ந்தேன்.

வண்டி நகர்ந்தது. காலியான பிளாட்பாரத்தின் விளிம்பில் வழியனுப்ப வந்த கலை நின்றாள், கையைக்கூட ஆட்டாமல், நட்ட கம்பு போல. வெள்ளாற்றுப் பாலம் வருகிற வரை, கழுத்தைத் திருப்பாமலே, அவளைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.