குணா குறைத்து வைத்தது

போன வாரம் காரை ஜொகூர் பாருவில் ஒரு புது மெக்கானிக்கிடம் விட்டேன். லேப்டாப்பை மாட்டிப் பார்த்தவர் கேட்ட முதல் கேள்வியே என்னை உலுக்கிவிட்டது.

"பாஸ், டர்போ பூஸ்ட்ட யாரு இவ்ளோ குறைச்சு வச்சா? வண்டி எப்படிப் பறக்கும்?"

"டர்போவையே மாத்திட்டானா?"

"இல்லலா! ஒரிஜினல்தான். செட்டிங்க மட்டும் குறைச்சிருக்காங்க."

நான் அப்படிக் கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. ஏன் என்று சொல்கிறேன்.

என்னுடையது ஜப்பானிலிருந்து வந்த டர்போ கார். இன்ஜினுக்குள் காற்றைத் திணித்து வேகத்தைக் கூட்டுவதுதான் டர்போ; அந்த அழுத்தம்தான் பூஸ்ட். ஐம்பது வயதில் இந்த ஆசை தேவையா என்று கேட்காதீர்கள்... வீட்டில் கேட்டாகிவிட்டது. அதைத் தொடத் தெரிந்தவர்களே குறைவு. மூன்று பட்டறைகளில் ஏமாந்த பிறகுதான் ஆயர் ஈத்தாமில் குணா என்ற மெக்கானிக் கிடைத்தார். எதை மாற்றினாலும் பழைய பாகத்தைப் பையில் போட்டுக் கையில் கொடுப்பார். "நீங்களே பாத்துக்குங்கண்ணே" என்பார். வேறென்ன வேண்டும்?

போன வருஷம் கார் திடீரென்று சோம்பிவிட்டது. எவ்வளவு மிதித்தாலும் பழைய வேகம் இல்லை. மூன்று முறை போய்க் கேட்டேன். "வண்டிக்கும் வயசாகுதுலண்ணே" — இதே பதில்தான்.

சந்தேகம் வந்துவிட்டால் மனுஷன் மனுஷனாகவா இருக்கிறான்? என் டர்போவைக் கழற்றி விற்றுவிட்டு மட்டமானதை மாட்டிவிட்டார் என்று முடிவே கட்டிவிட்டேன். நாலு கஸ்டமர் முன்னால் "திருட்டுப்பய" என்று கத்தினேன். குணா கையைத் துடைத்துக்கொண்டு சாவியை நீட்டினார். அதோடு விட்டேனா? கார் நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவிலும் 'இவரிடம் போகாதீர்கள்' என்று எழுதினேன்.

இரண்டே மாதத்தில் குணா மாரடைப்பில் இறந்துபோனார். நான் சாவுக்குப் போகவில்லை.

புது மெக்கானிக் சொன்னதை மனைவி சாந்தியிடம் வந்து சொன்னேன். குணா ஏன் அப்படிச் செய்தார், புரியவில்லையே என்றேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவளின் கை நின்றது.

"நாந்தாங்க குறைக்கச் சொன்னேன்."

"என்னது?"

"சிகாமட் கல்யாணத்துக்குப் போறப்ப லாரிக்கு அடியில போயிருப்போமே... மறந்துட்டீங்களா? பிள்ளைங்க ரெண்டும் பின்னால அலறுச்சுங்க. மெதுவா ஓட்டுங்கன்னு நான் சொன்னா நீங்க கேக்கறீங்களா? அதான் அந்தத் தம்பிகிட்ட போயி அழுதேன். என்னைக் காட்டிக் குடுத்துராதீங்கன்னேன். சொல்லமாட்டேன்க்கான்னாரு."

சொல்லவில்லை. திருடன் என்று பெயர் வாங்கியபோதும் சொல்லவில்லை.

பட்டறையை மாற்றிவிட்டேன் என்று மட்டும்தான் அவளிடம் அப்போது சொல்லியிருந்தேன். இப்போது மிச்சத்தையும் சொன்னேன். சாந்தி முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். எனக்கும் தாங்கவில்லை.

அந்த வாட்ஸ்அப் செய்தியை அழிக்கப் பார்த்தேன். நாளாகிவிட்டதால் முடியவில்லை. அதற்குக் கீழேயே நடந்ததை எல்லாம் எழுதினேன். யார் படித்து என்ன? படிக்க வேண்டியவர் இல்லையே.

மறுநாள் புது மெக்கானிக் போன் செய்தார். "பூஸ்ட்ட ஏத்திரவா பாஸ்?"

"வேணாம். அவரு வச்சபடியே இருக்கட்டும்."

இந்த மாதிரி காருக்கு நம்பிக்கையான மெக்கானிக் கிடைப்பது குதிரைக்கொம்பு என்று எத்தனை முறை புலம்பியிருப்பேன்! எனக்குக் கிடைத்தார். அவருக்குத்தான் நம்பிக்கையான கஸ்டமர் கிடைக்கவில்லை.